கையெழுத்துக்கு முன்னால் சொல்ல வேண்டியது

தனியாக கவுன்சலிங் தொடங்குபவர்களுக்கு இப்போது முதலில் சொல்லித்தரப்படுவது ஒப்புதல் படிவம். கையெழுத்து வாங்கிவிட்டால் நாளை வம்பு வராது என்கிறார்கள். படிவம் தேவைதான். கட்டணம், சொல்லாமல் வராத நாளுக்கான விதி, குறிப்புகளை யார் பார்க்கலாம், நள்ளிரவு வாட்ஸ்அப் செய்திக்குப் பதில் உண்டா என்பதெல்லாம் எழுத்தில் இருப்பது இரு தரப்புக்கும் நல்லது.

என் மறுப்பு ஒரே ஒரு வரியைப் பற்றியது: ‘சட்டம் கோரும் சூழல்கள் நீங்கலாக, நீங்கள் பேசுவது ரகசியமாக வைக்கப்படும்.’

16 வயதுப் பெண் ஒருத்தி இதை நம்பித் தன் காதலைப் பற்றியும் உடலுறவைப் பற்றியும் பேசுகிறாள் என்று வையுங்கள். போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழே அவள் சம்மதத்துக்கு மதிப்பில்லை. பிரிவு 19, விஷயம் தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது. சொல்லாதவருக்குப் பிரிவு 21-இன் கீழ் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் பிரிவு 23 ரகசியத்தை உரிமையாகத் தருகிறது. ஆனால் அதைக் காட்டி போக்சோ கடமையிலிருந்து விலகிவிட முடியாது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், காவல்துறைக்குத் தரும் தகவலில் அவள் அடையாளத்தை மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொன்னது. அந்தச் சலுகை பதிவுபெற்ற மருத்துவருக்கு. ஆலோசகரைப் பற்றி அதில் பேச்சில்லை.

இத்தனையும் அந்த ஒற்றை வரிக்குள் மறைந்திருக்கிறது. ஆலோசகருக்குத் தெரியும், அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. அவள் வாய் திறந்த பிறகு, அவள் நேசிக்கும் பையன் குற்றவாளி ஆகிறான். படிவத்தில் இருந்ததே என்று ஆலோசகர் சொன்னால் அது சட்டத்துக்குப் போதுமானதாக இருக்கலாம். என் பார்வையில் அது நம்பிக்கைத் துரோகம்.

முன்கூட்டியே சொன்னால் பிள்ளைகள் பேசவே மாட்டார்கள் என்று மூத்தவர்கள் சிலர் வாதிடுகிறார்கள். சிலர் பேசமாட்டார்கள்தான். எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பது அவர்கள் எடுக்க வேண்டிய முடிவு. இந்த வாதம் அந்த முடிவை அவர்களிடமிருந்து பறிக்கிறது. வீட்டுக்குள்ளேயே வன்கொடுமைக்கு ஆளாகும் குழந்தை, விஷயம் போலீசுக்குப் போகும் என்று தெரிந்ததாலேயே பேசவும் கூடும். விவரம் தெரியாமல் பேசவைப்பதற்குச் சிகிச்சை என்று பெயர் வைக்க என்னால் முடியாது.

ஆகவே ரகசியத்தின் எல்லையை வாயால் சொல்ல வேண்டும், பெற்றோர் அறையில் இல்லாதபோது, அந்த வயதுக்குப் புரியும் பேச்சில்: “யாராவது உன்னைத் தொட்டதையோ, உறவு வைத்துக்கொண்டதையோ நீ என்னிடம் சொன்னால், நான் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும்.” பின்னொரு நாள் பேச்சு அந்தப் பக்கம் திரும்பும்போது, இடைமறித்து மறுபடி நினைவூட்ட வேண்டும். அதற்குத் தயங்குகிறவர்கள் பதின்வயதினரைப் பார்க்காமல் இருப்பதே மேல்.