பாத்திமா பேகத்தை எப்படி மதிப்பிடுவது?

நமது சஞ்சிகைகளிலும் சிறப்பு மலர்களிலும் பாத்திமா பேகத்தின் பெயர் வருகிற இடமெல்லாம் ஒரே வாசகம்தான் கூட வருகிறது: 'முதல் முஸ்லிம் பெண் இயக்குநர்'. பெருமைக்காகச் சொல்லப்படுகிற இந்த வாசகம் உண்மையில் அவரைக் குறைத்துவிடுகிறது. இந்தியாவில் திரைப்படம் இயக்கிய முதல் பெண்ணே அவர்தான். 'முஸ்லிம்' என்ற சொல்லை நடுவில் வைத்தால், வேறு சமூகத்துப் பெண் ஒருவர் அவருக்கு முன்பே அதைச் செய்துவிட்டார் என்றுதான் வாசிப்பவர் எண்ணுவார். நம்முடையவர் என்று சொல்ல அவசரப்பட்டு, அவருக்குரிய இடத்தில் பாதியை நாமே விட்டுக்கொடுத்துவிட்டோம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுதப்போகிறேன் என்றதும் புத்தளத்தில் ஒரு நண்பர் கேட்டார்: "கூத்தாடிப் பொம்புளைகளப் பத்தி நாம எதுக்கு எழுதோணும்?" கோபத்தோடு கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். நடிகை என்றால் இப்படித்தான் என்ற எண்ணம் நமக்கு மட்டும் உரியதல்ல. 1927-28இல் மெட்ராஸ் ரங்காச்சாரியார் தலைமையில் இந்தியச் சினிமாவை விசாரித்த குழுவிலும், 'கௌரவமான குடும்பத்துப் பெண்கள்' நடிக்க வருவதில்லையே என்ற பேச்சு இருந்தது. அந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்த அதே நாட்களில் பாத்திமா பேகம் பம்பாயில் சொந்தக் கம்பனி நடத்திக்கொண்டிருந்தார்.

அவருடைய கல்யாணம் பற்றிய கதைகளை இங்கே நான் எடுக்கப்போவதில்லை. குஜராத்துச் சமஸ்தானம் ஒன்றின் நவாபோடு அவர் பெயரை இணைத்துப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அந்த நிக்காஹ்வுக்கு எழுத்து ஆதாரம் எதுவும் வெளிவந்ததில்லை. ஆதாரமில்லாத விஷயத்தை வைத்து ஒரு பெண்ணைக் கதைப்பது எங்கட மார்க்கத்திலயும் சரியில்லை, ஆய்விலயும் சரியில்லை. படங்களைப் பற்றிப் பேசுவோம்.

1892இல் உருது பேசும் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். உருது மேடையில் பழகியவர். 1922இல் அர்தேஷிர் இரானியின் கம்பனி எடுத்த 'வீர் அபிமன்யு' அவருடைய முதல் படம். அப்போது வயது முப்பது. ஜுபைதா, சுல்தானா, ஷஹ்ஸாதி என்று மூன்று மகள்மார். மூவருமே பின்னால் நடிக்க வந்தார்கள். ஒன்பது வருடத்துக்கு முன் பால்கே எடுத்த 'ராஜா ஹரிச்சந்திரா'வில் தாராமதியாக ஓர் ஆண் நடித்ததை நினைத்துப் பார்த்தால், தாயும் பிள்ளைகளுமாக ஒரு வீட்டுப் பெண்கள் இந்தத் தொழிலுக்குள் போனது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கும்.

மேடைக்காரி ஊமைப்படத்துக்கு வருவது லேசான விஷயமல்ல. உருது நாடகத்தின் உயிர் வசனமும் பாட்டும். குரலில் ஏற்ற இறக்கம் காட்டத் தெரிந்தவருக்குத்தான் அங்கே கைதட்டல். ஊமைப்படம் முதலில் பறிப்பதே அந்தக் குரலைத்தான். வாய் அசையும், சத்தம் வராது. இடையிடையே பல மொழிகளில் எழுத்து அட்டை வரும். வாசிக்கத் தெரியாத ஆட்களுக்காகத் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று சத்தமாகச் சொல்லுவார். முகம், கண், கை என்று மிச்சமிருக்கிறதை வைத்துக்கொண்டு நடிக்க வேண்டும்.

இந்த மாற்றத்தைப் பாத்திமா பேகம் எப்படிச் சமாளித்தார்? நமது கட்டுரைகள் 'அற்புதமாக நடித்தார்' என்று எழுதிவிட்டுப் போகின்றன. எனக்கு உடன்பாடில்லாத இடம் இதுதான். அவர் இயக்கிய 'புல்புல்-ஏ-பரிஸ்தான்' படத்துக்கு இன்று பிரதி கிடையாது. எழுதுகிறவர் யாரும் அதைப் பார்க்கவில்லை. பார்க்காத நடிப்பை அற்புதம் என்பது விமர்சனமாகாது.

அப்படியானால் எதை வைத்து மதிப்பிடுவது? அவர் செய்த தெரிவுகள் பதிவில் இருக்கின்றன. கமராவுக்கு முன்னால் வந்து நாலு வருடத்தில், 1926இல், 'பாத்திமா பிலிம்ஸ்' என்று சொந்தக் கம்பனி போட்டார். 1928இல் அது 'விக்டோரியா-பாத்திமா பிலிம்ஸ்' ஆனது. முதலாளிமாரின் படங்களில் நடிப்பதையும் விடவில்லை. கோஹினூருக்கும் இம்பீரியலுக்கும் நடித்துக்கொண்டே தன் படங்களையும் எடுத்தார்.

முதல் படத்துக்கு அவர் எடுத்த கதை என்ன வகை என்று பாருங்கள். புராணப் படங்கள் நன்றாக ஓடிய காலம் அது. அவரும் அபிமன்யு கதையில் நடித்துத்தான் வந்தவர். தன் கையில் கம்பனி வந்ததும் பரிஸ்தானுக்குப் போனார், பரிகளின் நாட்டுக்கு. பாரசீக, உருது தாஸ்தான்களின் உலகம். செலவும் தந்திரக் காட்சிகளும் நிறைந்த மாயப் படம் என்று அதைக் குறிப்பிடுகிறார்கள். தோன்றி மறைகிற உருவங்களை அந்தக் காலத்தில் ஒரே பிலிமை இரண்டு தரம் கமராவுக்குள் ஓட்டித்தான் எடுக்க வேண்டும். ஒரு பிழை விட்டால் இரண்டு காட்சியும் போய்விடும். முதல் தடவை இயக்குகிறவர் எடுத்துப் பார்க்கிற வேலையல்ல. அவருடைய துணிச்சலுக்கு நான் காட்டக்கூடிய சாட்சி இது.

பரிக்கதைகளில் எனக்கு இன்னொரு விசேஷமும் படுகிறது. அவற்றில் பெண் காத்துக்கொண்டு மட்டும் இருப்பதில்லை. மகள் ஜுபைதா 1924இல் நடித்த 'குல்-ஏ-பகாவலி'யின் மூலக்கதையில், தன் பூவைத் திருடியவனைத் தேடி ஆண்வேடத்தில் புறப்படுகிறவள் பகாவலிதான். 'நூறு மசலா'வில் கேள்வி கேட்கிற இளவரசியைத் தெரிந்த நமக்கு இது புதிதாக இருக்காது.

அந்தக் கதை மன்னாருக்கும் வந்தது, வேறு வழியில். 1955இல் எம்.ஜி.ஆர். நடித்த 'குலேபகாவலி'யாக. என் உம்மம்மா அதைத் திரையில் பார்த்ததில்லை. தலைமன்னார் பியரில் வேலை செய்த மாமா பார்த்துவிட்டு வந்து சொன்ன கதையைத்தான் எருக்கலம்பிட்டியில் பாயை விரித்துப்போட்டு எங்களுக்குச் சொல்லுவார். மாமா கூட்டியது எது, உம்மம்மா கூட்டியது எது, படத்தில் இருந்தது எது என்று எங்களுக்குத் தெரியாது. பின்னால் படத்தைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். உம்மம்மாவின் பகாவலி இன்னும் கெட்டிக்காரி.

இந்தியாவில் சுமார் 1,300 ஊமைப்படங்கள் எடுக்கப்பட்டன. முழுமையாக மிஞ்சியவை முப்பதைத் தாண்டாது. நைட்ரேட் பிலிம் சட்டென்று பற்றிக்கொள்ளும். பற்றாததை வெள்ளிக்காக உருக்கினார்கள். இலங்கையின் நிலை இன்னும் மோசம். நூர்பாய் தயாரித்த 'ராஜகீய விக்ரமய' (1925) இந்த நாட்டின் முதல் கதைப்படம். பம்பாயிலும் சிங்கப்பூரிலும் காட்டப்பட்ட அது, இங்கே திரைக்கு வரும் முன்பே தீயில் அழிந்தது. ஒரு முஸ்லிம் வணிகர் போட்ட பணத்தில் பிறந்த முதல் படத்தை இலங்கையர் யாரும் இலங்கையில் பார்க்கவில்லை.

தென்னிந்தியாவில் தப்பிய 'மார்த்தாண்ட வர்மா' (1933) எப்படித் தப்பியது தெரியுமா? சி.வி. ராமன் பிள்ளையின் நாவலைப் பதிப்பித்த திருவனந்தபுரம் கமலாலயம் புத்தகசாலை, உரிமை தங்களிடம் இருக்கிறதென்று வழக்குப் போட்டது. படம் ஓடவில்லை, பெட்டி பதிப்பகத்தாரிடம் கிடந்தது, 1974இல் புனே ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வழக்கு இருந்ததால் ரீல் மிஞ்சியது.

இதை வாசித்தபோது எனக்கு 1990 ஒக்டோபர்தான் ஞாபகம் வந்தது. வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் போகச் சொன்ன அந்த நாட்களில், எங்கள் தீவிலிருந்து வள்ளங்களில் கற்பிட்டிக்கு வந்தவர்கள் மடியில் கட்டிக்கொண்டு வந்தது காணி உறுதி. கோர்ட்டுக்கும் கச்சேரிக்கும் தேவைப்படும் என்று தெரிந்திருந்தது. அறபுத் தமிழ்க் கிதாபுகளும் கல்யாணப் போட்டோக்களும் பெண்கள் கொப்பிகளில் எழுதி வைத்திருந்த பாட்டுகளும் வீட்டோடு போய்விட்டன. இப்போது நாங்கள் என்ன செய்கிறோம்? போனதெல்லாம் பொன் என்று கதைக்கிறோம். ஊரில் இருந்த ஒவ்வொரு புலவரும் பெரும்புலவர், ஒவ்வொரு பாட்டும் காவியம். பாத்திமா பேகத்தின் பார்க்காத நடிப்பை 'அற்புதம்' என்பதும் இதே பழக்கம்தான். எனக்கும் இந்தப் பழக்கம் உண்டு. உம்மம்மாவின் பகாவலியைப் பற்றி மேலே எழுதியதைப் பாருங்கள்.

1931 மார்ச் 14இல் 'ஆலம் ஆரா' வெளியானது. இந்தியாவின் முதல் பேசும்படத்தில் ஜுபைதா கதாநாயகி. குரல் திரும்பி வந்தது, ஆனால் மகளின் வாயில். உருது உச்சரிப்புத் தெரிந்தவருக்கு மவுசு கூடிய காலம். இந்துஸ்தானி சரளமில்லாத சுலோசனா போன்ற பெரிய நட்சத்திரமே ஒதுங்கி நின்று மொழி படிக்க வேண்டி வந்தது. பாத்திமா பேகத்துக்கு மொழி தடையாக இருந்திருக்க முடியாது. வயது நாற்பதாகியிருந்தது. 1938இல் வந்த 'துனியா க்யா ஹை'யோடு அவர் நடிப்பு முடிந்தது. இறந்தது 1983இல். நடுவில் 45 வருடம். அவர் எப்படி நடித்தார், தந்திரக் காட்சிகளை எப்படி எடுத்தார், கம்பனிக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ள அத்தனை காலம் இருந்தது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் கப்பல் ஓடத் தொடங்கியதிலிருந்து, நமது ஆட்கள் அந்தப் பாதையால் மெட்ராசுக்கும் பம்பாய்க்கும் போய்வந்தவர்கள். யாருடைய வீட்டுப் பெட்டகத்திலாவது பழைய பட நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், டிக்கட் துண்டு எதுவும் மிஞ்சியிருந்தால் பிரதி எடுத்துச் சஞ்சிகை முகவரிக்கு அனுப்புங்கள். உம்மாமார் எழுதி வைத்த பாட்டுக் கொப்பிகளையும் சேர்த்து அனுப்புங்கள். தரம் எப்படி என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம்.