வீல் கப்பும் வண்ணமும்: பழைய பிக்கப் வண்டியைப் பார்க்கும் முறை

சக்கரத்தின் நடுவிலுள்ள அச்சுக்குடத்தைச் சேறும் நீரும் அணுகாதபடி மூடும் கிண்ணவடிவத் தகடே ஹப்கேப். நம் பட்டறைகளில் அதனை வீல் கப் என்பர். அமெரிக்காவில் 1947இல் வெளிவந்த செவ்ரோலெ ‘அட்வான்ஸ் டிசைன்’ பிக்கப் வண்டிகளிலும், 1948இல் தொடங்கிய ஃபோர்டு எஃப் வரிசையிலும் அது சக்கரம் முழுவதையும் மறைக்காமல் நடுப்பகுதியில் மட்டும் அமர்ந்திருந்ததால், உலோகத்தின் ஒளியும் எழுத்தின் வண்ணமும் சக்கரத்தின் வண்ணமும் ஒரு சிறு வட்டத்துக்குள் சந்திக்கின்றன. புதுப்பித்தவரின் கைத்திறனை எடைபோட வண்டியில் இதைவிட நல்ல இடம் இல்லை.

முதலில் கவனிக்க வேண்டியது பிரதிபலிப்பு. நேரே நின்று பார்ப்பவருக்குப் பளபளப்பு மட்டுமே தெரியும். பக்கவாட்டில் குனிந்து, குழல்விளக்கின் கோடு கிண்ணத்தின் வளைவில் எப்படி ஓடுகிறது என்று பார்த்தால், அது நெளியும் இடத்தில் பழைய நசுக்கம் முழுமையாக எடுக்கப்படவில்லை என்பது புலப்படும். துருப்பிடிக்காத எஃகாலான கப்பை உட்புறமிருந்து சிறு சுத்தியால் தட்டி, உப்புத்தாளால் படிப்படியாக நயமாக்கி, பஃபிங் சக்கரத்தில் மெருகேற்றிவிடலாம். முலாமிட்ட சாதாரண எஃகுக்கு அந்த எளிய வழி இல்லை: பழைய முலாமை நீக்கித் தகட்டைச் சீராக்கிய பிறகு செம்பு, நிக்கல், குரோமியம் என்று மறுபடி ஏற்ற வேண்டும். குரோமியப் படலம் ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், குறைவானது. ஆழ்ந்த மெருகையும் துரு எதிர்ப்பையும் பெரிதும் தருவது அடியிலுள்ள நிக்கலே, மேலுள்ள குரோமியம் அது மங்காமல் காத்து, சற்றே நீலம் பாய்ந்த நிறத்தைச் சேர்க்கிறது.

மிக நுட்பமான பகுதி எழுத்து. பெயரோ சின்னமோ பள்ளமாக அமுக்கப்பட்ட கப்களில், தேர்ந்த கைகள் எனாமலை நுண்தூரிகையால் பள்ளத்தில் விட்டு, அது தானே பரவி மட்டமான பின், தட்டையான அட்டையில் இறுகச் சுற்றிய துணியில் தின்னரைத் துளியளவு தொட்டு, மேற்பரப்பில் வழிந்ததை மட்டும் துடைத்தெடுப்பர். துணி தளர்ந்திருந்தால் அது பள்ளத்துக்குள் இறங்கி வண்ணத்தை உறிஞ்சிவிடும். எழுத்து நடுவில் வெளிறி, மூலைகளில் மட்டும் அடர்ந்து நிற்கும். ஆகவே பார்வையை எழுத்தின் முழு வடிவில் அல்லாமல், அதன் மூலைகளிலும் ‘ஓ’வின் உள்வட்டத்திலும் நிறுத்த வேண்டும். அங்கே வண்ணத்துக்கும் உலோகத்துக்கும் இடையிலான கோடு பிசிறின்றி நின்றால், அது அரிய வேலை.

மின்னாத கப்பை உடனே குறைத்து மதிப்பிடலாகாது. 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போரின்போது நிக்கல் படைத்தேவைக்கு ஒதுக்கப்பட்டதால், முன்பு முலாமிட்ட பாகங்கள் பல அமெரிக்க வண்டிகளில் வெறும் வண்ணப்பூச்சோடு வெளிவந்தன. அத்தகைய வண்டிக்குப் புத்தொளி வீசும் குரோமியம் ஏற்றுவதே பிழை. அங்கே பார்க்க வேண்டியவை வேறு: பள்ளம் நிரப்பும் பசையான பட்டி தடித்து எழுத்தின் விளிம்பை மழுக்கிவிட்டதா என்பதும், கப்பைச் சக்கரத்தில் பிடிக்கும் வில்தகடுகள் உராயும் உள்விளிம்பில் பூச்சு மெல்லியதாக இருக்கிறதா என்பதும். அவ்விளிம்பில் தடிக்கப் பூசியிருந்தால், கப்பை நெம்பிக் கழற்றும்போது வண்ணம் செதில் செதிலாகப் பெயர்ந்துவிடும்.