பெட்டியில் இல்லாத சேத்தக்

தாம்பரம் விமானப்படைத் தளத்தைச் சுற்றிக் குடியிருப்பவர்கள் ஹெலிகாப்டர் பார்க்க எங்கும் போக வேண்டியதில்லை. மொட்டைமாடியில் வடகம் காயவைக்க ஏறினாலே போதும். விமானம் ஓட்டக் கற்றுத்தரும் ஆசிரியர்களுக்கான பயிற்றுநர் பள்ளி 1948இல் அம்பாலாவில் தொடங்கி, 1954இல் தாம்பரத்துக்கு வந்தது. ஹெலிகாப்டர் பயிற்றுநர்களும் இங்கே உருவாகிறார்கள். அதற்குப் பல்லாண்டுகளாக உழைத்த இயந்திரம் சேத்தக். மீன்தொட்டி மாதிரி கண்ணாடி முகம், மூன்று சக்கரம், முதுகில் மூடியில்லாத இன்ஜின், ஒல்லியான வால். சென்னையின் தெற்குப் புறநகரில் வளர்ந்தவர்களுக்கு நன்றாகப் பழகிய உருவம் அது.

பார்ப்பதில் ஆழ்ந்துபோவதும் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. குரோம்பேட்டையில் சி. ராஜம் 1949இல் நிறுவிய எம்.ஐ.டி. கல்லூரியில் விமானப் பொறியியல் படித்த அப்துல் கலாம், வளாகத்தில் நிறுத்தியிருந்த, ஓய்வுபெற்ற இரண்டு விமானங்களைப் பற்றித் தன் வாழ்க்கைக் கதையில் எழுதியிருக்கிறார். மற்ற மாணவர்கள் விடுதிக்குத் திரும்பிய பிறகும் அவற்றின் அருகிலேயே உட்கார்ந்திருப்பாராம். பிளாஸ்டிக் மாடல் செய்யும் கலைக்கு முதல் பயிற்சியும் அப்படி உட்கார்ந்து பார்ப்பதுதான். பசையும் பெயிண்டும் அதற்குப் பிறகு.

அதனால் இங்கே ஒருவர் முதன்முதலாக ஒரு ஹெலிகாப்டர் கிட் வாங்க நினைத்தால் பெட்டியின் மேல் உள்ள வண்ணப் படத்தைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. எந்த இயந்திரம் என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். அதற்கேற்ற பெட்டியைத் தேட வேண்டும். கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக் கூடிய சேத்தக்கைவிட நல்ல தேர்வு தாம்பரத்துக்காரருக்கு வேறில்லை. ஆனால் கடையில் ‘சேத்தக்’ என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. பிரான்சின் சூட் ஏவியேஷன் வடிவமைத்து, 1959 பிப்ரவரி 28 அன்று முதன்முதலாகப் பறந்த அலூவெட் 3தான் நம் சேத்தக். 1962இல் உரிமம் பெற்ற இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ், 1965இல் இங்கே உருவான முதல் ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டது. பிறகு 300க்கும் மேல் செய்தது. எனவே அலூவெட் 3 என்று எழுதிய பெட்டியை வாங்கி, அதற்குள்ளிருந்து சேத்தக்கை வெளியே எடுக்க வேண்டும். பிரெஞ்சு நிறுவனமான ஹெல்லரின் 1/72 (நிஜத்தில் 72இல் ஒரு பங்கு) கிட் இதில் நெடுங்காலமாகப் புழங்கிவருவது.

அளவைத் தேர்ந்தெடுக்க ஒரு கணக்குப் போட்டால் போதும். நிஜ சேத்தக்கின் ரோட்டார் விட்டம் 11.02 மீட்டர். 1/72இல் அது 15.3 சென்டிமீட்டர், 1/48இல் 23, 1/32இல் 34. புத்தக அலமாரியில் ஓர் ஓரம் மட்டும் வாய்க்கிற அடுக்ககவாசிக்கு 1/72 போதும். மூக்குக்கண்ணாடி போட்ட கண்களுக்கு 1/48 தோது.

பெட்டியைத் திறந்ததும் கண் போக வேண்டிய இடம், நிறமற்ற கண்ணாடிப் பாகங்கள். வேறெந்தப் பாகம் கோணலாக இருந்தாலும் உப்புத்தாளும் இடுக்கை நிரப்பும் பட்டியும் காப்பாற்றிவிடும். சேத்தக்கின் முகமே கண்ணாடி என்பதால் அதில் விரிசலோ அலையோ இருந்தால் அந்த மாடல் எழுந்து நிற்காது. அடுத்தது டிகால் தாள்: பழைய பெட்டி என்றால் மஞ்சளித்திருக்கும். அது பெரிய குறையல்ல, எப்படியும் பிரெஞ்சு அடையாளங்களை நாம் ஒட்டப்போவதில்லை. பாகங்களின் எண்ணிக்கையைப் பார்த்துக் காசு கொடுப்பது வீண். முப்பது பாகம் சரியான வடிவத்தில் இருப்பது, நூற்றைம்பது பாகம் தவறான வடிவத்தில் இருப்பதைவிட மேல்.

எந்த இயந்திரம் என்று தெரியாமல் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு எம்.ஐ.-8, எம்.ஐ.-17 ஹெலிகாப்டர்கள் இரண்டும் நல்ல உதாரணம். நம் விமானப்படை இரண்டையும் பறக்கவிட்டிருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி. ஆனால் எம்.ஐ.-8இல் வால் ரோட்டார் வலப்பக்கம், எம்.ஐ.-17இல் இடப்பக்கம். பெட்டியை மாற்றி வாங்கிவிட்டு என்னதான் இந்திய வட்டச் சின்னத்தை ஒட்டினாலும், விவரம் தெரிந்தவர் பார்வை முதலில் வாலில்தான் போய் நிற்கும்.

இனி மேம்படுத்தும் வேலை. மாடல் செய்பவர்களின் மேசையில் ரசிக்கத்தக்க பகுதி இதுதான்.

சேத்தக்கைப் பொறுத்தவரை முதல் மரியாதை ரோட்டாருக்கு. கிட்டில் வரும் மூன்று பிளேடுகளும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராக இருக்கும். தரையில் நிற்கும் நிஜ சேத்தக்கிலோ, பிளேடுகள் தம் எடையிலேயே நுனி தாழ்ந்து வளைந்திருக்கும். சுழலும்போதுதான் மையவிலக்கு விசை அவற்றை நீட்டிப் பிடிக்கிறது. பிளாஸ்டிக் பிளேடை நெருப்பில் காட்டக் கூடாது. கொதித்து இறக்கிய நீரில் சில விநாடி முக்கி, கட்டைவிரலால் மெல்லத் தடவிக்கொண்டே வளைக்க வேண்டும். மூன்றும் ஒரே வளைவுக்கு வர வேண்டும். ஒரு வட்டமான டப்பாவின் பக்கத்தில் மூன்றையும் ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். இந்த ஒரு திருத்தத்துக்கு ஒரு பைசா செலவில்லை. ஆனால் பொம்மையாகக் கிடந்தது அதற்குப் பிறகு எடையுள்ள இயந்திரமாகத் தெரிகிறது.

அதே ரோட்டாரில் இன்னொரு நுணுக்கம். பிரெஞ்சு வழிவந்த இந்த ஹெலிகாப்டரின் ரோட்டார், மேலிருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் சுற்றும். ஆகவே இடப்பக்கம் நீண்டிருக்கும் பிளேடின் தடித்த விளிம்பு மூக்கை நோக்கி இருக்க வேண்டும். அமெரிக்க ஹெலிகாப்டர்களைச் செய்து பழகியவர்கள் மாற்றி ஒட்டிவிடுகிற இடம் இது. பிளேடுக்கும் பிளேடுக்கும் இடையே, இடைவெளியைக் காக்கும் கம்பிகளும் உண்டு. சின்ன அளவுக் கிட்களில் இவை விடுபட்டுப்போவது வழக்கம். பாகங்களைத் தாங்கும் சட்டகத்தின் ஒரு துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே இளக்கி, இரு கையாலும் நிதானமாக இழுத்தால் மெல்லிய இழை கிடைக்கும். மூன்று துண்டு வெட்டி ஒட்டினால் ரோட்டார் தலைக்கு உயிர் வந்துவிடுகிறது.

கண்ணாடியை ஒட்டும்போது சூப்பர் க்ளூவைத் தொடவே கூடாது. அதன் ஆவி படிந்து கண்ணாடி வெண்மை பூத்துவிடும். நம் வீட்டு ஃபெவிகால் போதும். காய்ந்தால் நிறமற்றுப்போகும், வழிந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். கண்ணாடி வழியாக உள்ளே எல்லாம் தெரியும் என்பதால் ஏழு இருக்கைகளிலும் கொஞ்சம் உழைப்பு தேவை. ஐந்து சென்டிமீட்டர் அகல இருக்கை வார், 1/72இல் 0.7 மில்லிமீட்டர். மாஸ்கிங் டேப்பைப் புது பிளேடால் அந்த அகலத்துக்குக் கீறி ஒட்டலாம்.

மூன்று சக்கர ஹெலிகாப்டருக்கு முன்பாரம் வைக்காவிட்டால் மாடல் வாலில் உட்கார்ந்துவிடும். மற்ற ஹெலிகாப்டர்களில் மூக்குக்குள் ஈயத்தைத் திணித்து மூடிவிடலாம். சேத்தக்கின் மூக்கில் ஒளிக்க இடமில்லை. தூண்டில் ஈயக்குண்டைச் சுத்தியலால் தட்டித் தகடாக்கி, முன்னிருக்கைகளின் அடியிலும் தரைக்குக் கீழேயும் பரப்பிவைப்பதே வழி. ஒட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் டேப் போட்டுப் பிடித்து, சக்கரத்தில் நிறுத்திப் பார்த்துவிட வேண்டும்.

இன்ஜினுக்கு வருவோம். ஆர்ட்டூஸ்ட் 3பி டர்பைன் 870 குதிரைத்திறன் தரக்கூடியது. சேத்தக்கில் 570 அளவுக்கே பயன்படுத்துகிறார்கள். அந்த மிச்சத் திறன்தான் வெயிலிலும் உயரத்திலும் கைகொடுக்கிறது. 1960 ஜூனில் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு மோன் பிளாங்க் சிகரத்தில் அலூவெட் 3 தரையிறங்கியதும் அந்த வலுவில்தான். சிறிய அளவுக் கிட்டில் இந்த இன்ஜின் ஓர் உருளையாக மட்டும் வரும். மெல்லிய செப்புக் கம்பியில் நாலைந்து குழாய்கள் சேர்த்து, வெப்பம் பட்ட பழுப்பை வெளியேற்றுக் குழாயில் மட்டும் தடவினால் போதும். திறந்த முதுகு என்பதால் செய்தது அத்தனையும் கண்ணில் படும்.

பெயிண்டுக்குச் சென்னையின் பருவம் பார்த்தாக வேண்டும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் தின்னர் கலந்த லாக்கர் அடித்தால், காற்றின் ஈரம் படிந்து வெளிறிப்போகும். சித்திரை வெயிலில் அக்ரிலிக் அடித்தால் ஏர்பிரஷ் முனையிலேயே காய்ந்து, பரப்பில் சொரசொரப்பாக விழும். காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம் கலக்க வேண்டும். ஜனவரி, பிப்ரவரி காலை நேரம் இரண்டுக்கும் இசைவானது.

எந்தச் சேத்தக் என்பதையும் பெயிண்டுக்கு முன்பே முடிவுசெய்ய வேண்டும். தாம்பரத்து விமானப்படைச் சேத்தக்குக்கு வெளியே காவி, நடுவே வெள்ளை, உள்ளே பச்சை என்று வட்டச் சின்னம், ‘இசட்’டில் தொடங்கும் எண். அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளியின் கடற்படைப் பயிற்சிச் சேத்தக்குக்கு வேறு எண், வேறு சாயல். கடலோரக் காவல் படை என்றால் வெள்ளை உடலில் ஆரஞ்சும் நீலமுமாகப் பட்டை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தாம்பரத்திலிருந்து எழுந்த விமானப்படை ஹெலிகாப்டர்கள் மொட்டைமாடிகளில் உணவுப் பொட்டலங்களைப் போட்டதை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. அந்த நாட்களை மாடலில் கொண்டுவர விரும்புபவர் பின்பக்கச் சறுக்குக் கதவைத் திறந்த நிலையில் ஒட்டி, உள்ளே பொட்டலங்களை அடுக்கலாம். ஒவ்வொரு திருத்தமும் இப்படி நிஜத்தில் பார்த்த ஒன்றிலிருந்து வர வேண்டும். கம்பி இருக்கிறதே என்று கம்பியைச் சேர்ப்பதும், எல்லாப் பக்கமும் கறை பூசுவதும் மாடலைக் கெடுக்கும். பயிற்சி ஹெலிகாப்டரைத் தினமும் துடைத்துப் பராமரிக்கிறார்கள். மாடலிலும் அந்தச் சுத்தம் தெரிய வேண்டும்.

சேத்தக்கில் கை தேறியவர்களுக்கு அடுத்த சவால் சீட்டா. சேத்தக்கின் ரோட்டாரையும் இன்ஜினையும் பழைய அலூவெட் 2இன் லேசான உடலில் பொருத்தி, இந்திய ராணுவத்தின் மலைத் தேவைக்காகப் பிறந்த ஹெலிகாப்டர் அது. அதன் பிரெஞ்சு வடிவமான லாமா, 1972 ஜூன் 21 அன்று ழான் பூலே ஓட்ட, 12,442 மீட்டர் உயரம் தொட்டது. சீட்டாவின் வால் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் குழாய்ச் சட்டம். பிளாஸ்டிக்கில் அந்தக் குழாய்கள் எப்போதும் தடித்தே வரும். வாலை மொத்தமாக வெட்டியெடுத்துவிட்டு, பித்தளைக் கம்பியைத் துண்டு துண்டாக அளந்து பற்றவைக்க வேண்டும். முதலில் நீளக் கம்பிகளைத் தாளில் வரைந்த படத்தின் மேல் டேப் போட்டு நிறுத்தி, அகன்ற முனையிலிருந்து தொடங்குவது நல்லது.