மூன்றாம் வகுப்பும் ஒரு புதினமும்

நாகூர் சித்தி ஜுனைதா பேகம் (1917-1998) அவர்களைப் பற்றி எழுதப் புகுவோர், முதல் முஸ்லிம் பெண் நாவலாசிரியை என்னும் பட்டத்தைச் சூட்டிவிட்டு நூலை மூடிவிடுகின்றனர். நமக்கு அது நிறைவளிக்கவில்லை.

அன்னார் பள்ளியில் பயின்றது மூன்றாம் வகுப்பு வரையே. இளமையிலேயே மணமாகித் தாயானவர். மற்றதெல்லாம் வீட்டினுள் படித்துப் பெற்றது. நம் இல்லங்களில் பெண்டிர் அரபுத் தமிழில் மாலைகளும் மஸ்அலா நூல்களும் ஓதிவந்தது பழைய வழக்கம். அப்படிப்பு நன்மையை நாடியது. சுவைக்காகப் படிப்பதும், படித்த சுவையால் தாமே எழுத அமர்வதும் வேறு. வாலாஜாபாத்தில் ஒரு பெண் தறிக்கு நூல் சுற்றினால் வேலை என்போம். அதே கை ஏடு புரட்டினால் பொழுதுபோக்கு என்கிறோம். 1938-இல் வெளிவந்த 'காதலா? கடமையா?' என்னும் புதினத்திற்கு டாக்டர் உ. வே. சாமிநாதையர் பாராட்டுரை வழங்கினார். அப்பெரியார் அதைப் பொழுதுபோக்காக எண்ணவில்லை போலும்!

ஆயினும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். 1947-இல் வந்த 'செண்பகவல்லி தேவி'யின் மறுபெயர் 'தென்னாடு போந்த அப்பாஸிய குலத் தோன்றல்'. தலைப்பே அரண்மனையை நோக்கி நடக்கிறது. நான்கு சுவருக்குள் வாழ்ந்தவருக்கு அரசகுலக் கதைகள் தந்த விடுதலையை நாம் உணர்கிறோம். எனினும் அவர் ஏடு விரித்த நாகூர் முற்றத்தையே நாம் காண விழைந்தோம். நம் வீட்டு உள்ளறைகளின் பேச்சு, துவரங்குறிச்சி சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யில் (2004) விரிவாக எழுதப்பெறும்வரை காத்திருக்க நேர்ந்தது.