‘உறங்கும் முட்டைகளை எழுப்புகிறோம்’

போன வாரம் சித்தி பொண்ணு ஒரு கருத்தரிப்பு மையத்தின் விளம்பரத் தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். நம் ரத்தத்திலிருந்தே பிளேட்லெட் நிறைந்த பிளாஸ்மாவைப் பிரித்து சினைப்பையில் ஊசி போடுவார்களாம். அதிலுள்ள வளர்ச்சிக் காரணிகள் உறங்கும் முட்டைகளை எழுப்பி இரண்டே மாதத்தில் பலன் தருமாம். கீழே பொடி எழுத்தில், ‘எலிகளில் நிரூபிக்கப்பட்டது’. “போட்டுக்கலாமா அண்ணா?” என்று கேட்டிருந்தாள்.

நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்த வாசகத்தோடு எனக்குச் சண்டை இருக்கிறது.

‘வளர்ச்சிக் காரணி’ என்றதும் செடிக்கு உரம் மாதிரி, போட்டால் வளரும் என்று நினைத்துவிடுகிறோம். 1996-இல் எலியில் ஜிடிஎஃப்9 என்ற காரணியின் மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள். இதை முட்டையே சுரக்கிறது. அது இல்லாமலும் ஃபாலிக்கிள்கள் விழித்துக்கொண்டன. ஆனால் முட்டையைச் சுற்றி ஒரு அடுக்கு செல்லோடு வளர்ச்சி நின்றுபோனது. ஆக, எழுப்புவது ஒன்று, வளர்ப்பது வேறொன்று. விளம்பரம் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறது.

சரி, எலியில் கண்டது எல்லாப் பாலூட்டிக்கும் பொருந்துமா? இதற்கு எனக்குப் பிடித்த சாட்சி நியூசிலாந்தின் இன்வர்டேல் செம்மறியாடு. பிஎம்பி15 என்ற இன்னொரு காரணியின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதன் ஒரு பிரதி பழுதான பெட்டை ஆட்டுக்கு ஒவ்வொரு சுழற்சியிலும் சராசரியாக ஒரு முட்டை கூடுதலாக வெளிவரும். இரண்டு பிரதியும் பழுதானால் ஆடு மலடு. ஃபாலிக்கிள்கள் ஆரம்பத்திலேயே நின்றுவிடும். காரணி பாதி குறைந்தால் முட்டை கூடுகிறது, முழுதும் போனால் ஒன்றுமே இல்லை! 2000-இல் இதைக் கண்டுபிடித்தார்கள். அதே மரபணுவை எலியில் நீக்கினால் கருவளம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். எலியை மட்டும் பார்த்திருந்தால் பிஎம்பி15 பெரிய விஷயமில்லை என்று முடிவுகட்டியிருப்போம்.

இன்னொன்று ஏஎம்ஹெச். சிகிச்சைக்குப் போகும் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த ரத்தப் பரிசோதனை. அந்தத் தாளிலும் அது வெறும் மதிப்பெண்தான். உண்மையில் அதுவும் இதே குடும்பத்துக் காரணி, ஆனால் பிரேக். அது இல்லாத எலிகளில் ஃபாலிக்கிள்கள் அவசரமாக விழித்து, இருப்பு சீக்கிரமே கரைந்தது. கையிருப்பு குறைந்த பெண்ணிடம் ‘எழுப்புகிறோம்’ என்று சொல்பவர்கள் இதையும் சொல்ல வேண்டாமா?

கடைசியாக அந்த இரண்டு மாதக் கணக்கு. மனிதரில் ஏற்கெனவே விழித்து ஓரளவு வளர்ந்த ஃபாலிக்கிள்கூட முட்டையை வெளிவிட ஏறக்குறைய 85 நாள் ஆகிறது. உறக்கத்திலிருந்து கிளம்பினால் அதற்கு முன்னும் பல மாதங்கள் பிடிக்கும். எனவே ஊசி போட்டு இரண்டு மாதத்தில் கிடைக்கும் முட்டை, ஊசிக்கு முன்பே கிளம்பிவிட்ட முட்டை.

அவளுக்கு இவ்வளவும் எழுதவில்லை. டாக்டரிடம் கேட்க இரண்டே கேள்வி அனுப்பினேன்: எந்தக் காரணி, எவ்வளவு? எழுந்த முட்டை எது, ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருந்தது எது என்று எப்படிப் பிரித்துப் பார்த்தீர்கள்? வியாழக்கிழமை போகிறாளாம்.