மால்கம் யங்கின் வலக்கை

ஹை-ஹாட் சிம்பலில் மெல்லிய தட்டுகள். அவற்றோடு ஒட்டிக்கொண்டு, கையால் அமுக்கிப் பிடித்த கிட்டார்க் கம்பிகளிலிருந்து சுரமே இல்லாத ஒரு 'சிக், சிக்'. காலப்பிரமாணம் இன்னதென்று காட்டிவிட்டு அது ஒதுங்கிக்கொள்ள, இ கார்ட் ஒரே ஒரு முறை இறங்குகிறது. இடைவெளி. டி மூன்று முறை. இடைவெளி. ஏ மூன்று முறை. அதன் வாலாக மேலிருந்து கீழே ஒரு சிறிய சுர ஓட்டம். அடுத்த சுற்றிலும் அதே இ, அதே டி, அதே ஏ. வால் மட்டும் இம்முறை கீழிருந்து படிப்படியாக மேலே ஏறுகிறது. ஆஸ்திரேலிய ராக் குழுவான ஏசி/டிசியின் 'பேக் இன் பிளாக்' பாட்டு இப்படித்தான் தொடங்குகிறது. எத்தனையோ ஆண்டுகளாகக் கேட்டுவிட்டேன். அந்த முதல் இடைவெளி வரும்போது இன்றைக்கும் ஒரு கணம் மூச்சை நிறுத்திக்கொள்கிறேன்.

நம் இசையில் கார்வை என்று ஒரு சொல் உண்டு. சொற்கட்டுகளுக்கு நடுவே விடும் வெளிக்குப் பெயர் வைத்து, அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டவர்கள் நாம். அந்தப் பழக்கத்தோடு இந்தப் பாட்டைக் கேட்டால் அதன் அழகு சட்டென்று பிடிபடும். மின்கிட்டாரை உரத்த சத்தத்தில் மீட்டினால் அது சட்டென்று ஓயாது. ஆம்ப்ளிஃபயரின் சத்தம் கம்பியைத் திரும்பவும் அதிரவைத்துக்கொண்டே இருக்கும். ஆகவே அங்கே கேட்கும் மௌனம் சும்மா கிடைத்தது அல்ல, கையால் செய்தது. மீட்டுவது பாதி வேலை, மீட்டியதை அடக்குவது மறுபாதி. அதுவும் இரண்டு கிட்டார்கள் ஒரே கணத்தில் அடங்க வேண்டும். ஒன்று மயிரிழை பிந்தினாலும் விளிம்பு பிசிறடித்துவிடும். இந்த ஒலிப்பதிவில் பிசிறே இல்லை. புதுக் கத்தரியால் வெட்டிய துணியைப் போல ஓசை நேராக முடிகிறது. அறுபட்ட இடத்தில் பில் ரட்டின் டிரம்ஸ் மட்டும் நடந்து போகிறது. அடுத்த கார்ட் வந்து விழும்போது அதன் கனம் இரட்டிப்பாகத் தெரிவதற்கு அந்த வெற்றிடம்தான் காரணம்.

1980 ஜூலையில் அதே பெயரில் வெளிவந்த ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் 2 கோடியே 50 லட்சம் பிரதிகளைத் தொட்டதாக 2019-இல் சான்று பெற்றது. உலகில் மிக அதிகமாக விற்ற ஆல்பங்களின் வரிசையில் முன்னணியில் நிற்பது. இந்தப் புகழைக் கண்டு முகம் சுளிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்று கார்ட், ஒரே தாளம், ஒரே மாதிரிப் பாட்டு, இதற்கு இத்தனை ஆரவாரமா என்பார்கள். இந்தக் குறை புதியதும் அல்ல. 1976-இல் இவர்களுடைய முதல் சர்வதேச வெளியீடான 'ஹை வோல்டேஜ்' வந்தபோதே, ஹார்டு ராக் இதற்குமேல் தாழ முடியாது என்ற பொருளில் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையின் விமர்சகர் எழுதிவிட்டார். நான் அந்த விமர்சகரோடு முழுமனதோடு மாறுபடுகிறேன். ஏசி/டிசி விஷயத்தில் கூட்டத்தின் காது சரியாகத்தான் கேட்டது. அதன் கண்தான் வேறு இடத்தில் நிலைத்துவிட்டது.

கண் நிலைத்த இடம், குழுவில் தனி வாசிப்பு வாசிக்கும் ஆங்கஸ் யங். பள்ளிச் சீருடையும் அரைக்கால் சட்டையுமாக, சக் பெரியிடமிருந்து வந்த வாத்து நடையோடு மேடை முழுக்க ஓடுகிற தம்பி. அந்தச் சீருடை யோசனை அவருடைய அக்கா மார்கரெட் தந்தது. அண்ணன் மால்கம் பின்னால், டிரம்ஸுக்குப் பக்கத்தில், ஜீன்ஸும் பனியனுமாக நிற்பார். பல்லவி வரும்போது மைக் வரைக்கும் நான்கடி முன்னே வந்து குரல் சேர்ப்பார். வரி முடிந்ததும் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவார். 1973-இன் கடைசியில் சிட்னியில் இந்தக் குழுவைத் தொடங்கியவர் அவர்தான். கிளாஸ்கோவில் பிறந்து, 1963-இல் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்கு வந்தவர். தொடக்கத்தில் தனி வாசிப்பும் அவர் வாசித்திருக்கிறார். பிறகு அதைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, தாளக் கிட்டாரை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அவருடைய கிட்டாரைப் பார்த்தாலே மனிதர் புரிந்துவிடுவார். 1963-இல் செய்த கிரெட்ச் ஜெட் ஃபயர்பேர்ட். அண்ணன் ஜார்ஜின் இசைக் கூட்டாளி ஹாரி வாண்டா கொடுத்தது. மால்கம் அதன் சிவப்புப் பூச்சைச் சுரண்டி எடுத்து மரத்தின் நிறத்துக்கே கொண்டுவந்தார். குதிரைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பிக்கப்பை வைத்துக்கொண்டு மற்றதைப் பிடுங்கிவிட்டார். பிடுங்கிய இடத்தில் குழி அப்படியே இருந்தது. அதை மூடக்கூட அவருக்குத் தோன்றவில்லை. கம்பிகள் 0.012 அங்குலத்தில் தொடங்கி 0.056 அங்குலம் வரை. தம்பியின் கிட்டாரில் 0.009-இல் தொடங்கும். மெல்லிய கம்பி விரலுக்கு இணங்கும், வளைத்து வளைத்துத் தனி வாசிப்பு வாசிக்கலாம். தடித்த கம்பி இணங்காது. அதை ஓங்கி அடிக்க மணிக்கட்டில் வலு வேண்டும். அடித்தால் கம்பி நெளியாமல் சுரம் சுரமாகவே நிற்கும்.

ஆம்ப்ளிஃபயரையும் அவர் பலரும் நினைப்பது போல உச்சத்தில் முறுக்கி வைக்கவில்லை. ஹார்டு ராக் என்றால் கரகரப்பு என்று நினைத்துக்கொண்டு மால்கமின் பங்கை மட்டும் கேட்டால் வியப்பாக இருக்கும். அவ்வளவு தெளிவு. ஒரு கார்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் காதில் விழும். கரகரப்பைக் கூட்டினால் ஓசை பெருக்கும், ஆனால் கம்பிகள் ஒன்றோடொன்று குழைந்துவிடும், கையின் பிழையும் அதற்குள் மறைந்துவிடும். அந்தப் போர்வை மால்கமுக்கு வேண்டியிருக்கவில்லை. இந்தக் குழுவின் ஒலிப்பதிவுகளில் இரண்டு கிட்டார்களும் பெரும்பாலும் இரு காதுகளுக்குப் பிரித்துத் தரப்பட்டிருக்கின்றன. ஹெட்போனில் ஒரு பக்கத்தைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள், பிறகு மறுபக்கத்தை. ஒருவர் பேசுகிறார், இன்னொருவர் அவர் பேசுவதற்குத் தரை போட்டுக்கொடுக்கிறார். தரை எங்கேயும் ஆடவில்லை.

'ஹைவே டு ஹெல்' பாட்டில் இன்னொரு நுட்பம். 1979-இல் வந்தது, மட் லாங் தயாரிப்பு. கிட்டார் தனியாகத் தொடங்கும். டிரம்ஸ் சேரும். பான் ஸ்காட்டின் குரல் சேரும். முதல் சரணம் முழுக்கவும் ஓடி முடியும். இத்தனை நேரமும் பேஸ் கிட்டார் வாசிக்கவே இல்லை. கேட்பவருக்கு என்ன குறைகிறது என்று தெரியாது, ஏதோ ஒன்று காத்திருக்கிறது என்று மட்டும் உடம்புக்குத் தெரியும். பல்லவி எடுக்கும்போது கிளிஃப் வில்லியம்ஸின் பேஸ் உள்ளே வருகிறது. காலடியில் பூமி வந்து ஒட்டிக்கொண்டது போல இருக்கும். அரங்கங்களில் லட்சக்கணக்கானோர் அந்த இடத்தில் கையை உயர்த்துகிறார்களே, வார்த்தைக்காக மட்டும் உயர்த்துவதாக எனக்குத் தோன்றவில்லை. பேஸ் எப்போது வந்தது என்று கேட்டால் அவர்களில் பெரும்பாலோருக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் கை சரியாக அங்கேதான் உயர்கிறது. காரணம் சொல்லத் தெரியாத ரசனையும் ரசனைதான் என்பது என் கட்சி.

அடுத்த ஆண்டு பிப்ரவரி 19-ஆம் தேதி பான் ஸ்காட் லண்டனில் இறந்துபோனார். பிரயன் ஜான்சன் பாட வந்தார். பஹாமாஸில் உள்ள காம்பஸ் பாயிண்ட் ஸ்டுடியோவில் ஒரு சில வாரங்களில் 'பேக் இன் பிளாக்' பதிவானது. அட்டை முழுக்கக் கறுப்பு, இறந்தவருக்கான துக்கம். முதல் பாட்டு ஆலய மணியோடு தொடங்க வேண்டும் என்று முடிவாயிற்று. இங்கிலாந்தின் லஃப்பரோ நகரில் போர் நினைவுக் கோபுரத்து மணியைப் பதிவுசெய்ய ஒலிப்பொறியாளர் டோனி பிளாட் போனார். மணி அடிக்கும்போதெல்லாம் உள்ளே கூடு கட்டியிருந்த பறவைகள் சிறகடித்துக் கிளம்பின. சிறகோசை மணியோசையோடு கலந்து பதிவு வீணாயிற்று. அதே ஊரில் உள்ள ஜான் டெய்லர் மணி வார்ப்படச் சாலையில் குழுவுக்காகவே செய்துகொண்டிருந்த, ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள மணியை அங்கேயே அடித்துப் பதிவுசெய்தார்கள். பாட்டில் அந்த மணி ஒவ்வொரு முறை ஒலித்த பிறகும் அதன் ரீங்காரம் அடங்க இடம் விட்டிருக்கிறார்கள். கிட்டார் அவசரப்படவில்லை. மணிக்குக் கூட மால்கமின் கார்வை கிடைத்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

பில் ரட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. உருட்டல்கள், விளாசல்கள் எதுவும் இவரிடம் எதிர்பார்க்க முடியாது. ஸ்நேர் டிரம்மை மட்டும் அவர் கால் கடுகளவு தாமதித்து அடிப்பது போல எனக்குக் கேட்கும். அவசரமில்லாத ஒரு நடை அதில் பிறக்கிறது. 1983-இல் அவர் விலகியபின் வந்த சைமன் ரைட்டும் கிறிஸ் ஸ்லேடும் திறமையில் குறைந்தவர்கள் அல்லர். 'தண்டர்ஸ்ட்ரக்' பாட்டில் கேட்பது ஸ்லேடின் வாசிப்புத்தான். ஆனாலும் 1994-இல் ரட் திரும்பி வந்ததும் மால்கமின் கிட்டார் மறுபடியும் சாய்ந்து உட்காரத் தன் நாற்காலி கிடைத்தது போல ஒலிக்கிறது.

புகழைப் பற்றிப் பேசும்போது ரட்டின் பழைய கதை எனக்குக் கட்டாயம் நினைவுக்கு வரும். ஏசி/டிசிக்கு வருமுன் அவர் மெல்பர்னில் பஸ்டர் பிரௌன் என்ற குழுவில் இருந்தார். அதில் பாடியவர் ஆங்ரி ஆண்டர்சன். ரட் 1975-இல் ஏசி/டிசிக்குப் போனார். ஆண்டர்சன் சிட்னியில் ரோஸ் டாட்டூ குழுவின் பாடகரானார். ரோஸ் டாட்டூவின் முதல் ஆல்பம் 1978-இல் வந்தது. ஏசி/டிசியின் தொடக்க ஆல்பங்களைத் தயாரித்த அதே ஹாரி வாண்டாவும் ஜார்ஜ் யங்கும்தான் அதையும் தயாரித்தார்கள். அதில் பீட்டர் வெல்ஸின் ஸ்லைடு கிட்டாரைக் கேட்டிருக்கிறீர்களா? உலோகக் குழாயைக் கம்பியின்மேல் இழைத்து அவர் எழுப்பும் ஓசை துருப்பிடித்த கதவு அழுவது போல இருக்கும், அதே நேரம் சுரம் துளியும் பிசகாது. அந்த ஆல்பத்தை ஏசி/டிசியின் எந்த நல்ல ஆல்பத்தோடும் கூசாமல் பக்கத்தில் வைப்பேன். கன்ஸ் அண்ட் ரோஸஸ் 1986-இல் தங்கள் முதல் வெளியீட்டிலேயே அதிலிருந்து ஒரு பாட்டை எடுத்துப் பாடினார்கள், அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உலகத்துக்குத் தெரியவில்லை. ஒரே நாடு, ஒரே தயாரிப்பாளர்கள், ஒரே வகைத் தீ. ஒருவருக்குக் கோடிகள், மற்றவருக்கு விசுவாசமான ஒரு சிறு கூட்டம். இதை நினைத்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. புகழ் பெற்றது தரமில்லாதது என்று சொன்னால் சண்டைக்கு வருவேன். புகழ் பெறாதது தரமில்லாதது என்று சொன்னாலும் வருவேன்.

ஏசி/டிசி செய்ததெல்லாம் தங்கம் என்றும் சொல்லமாட்டேன். 1985-இல் வந்த 'ஃபிளை ஆன் த வால்' சகோதரர்கள் தாங்களே தயாரித்தது. ஜான்சனின் குரல் கிட்டார்களுக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. இடைவெளிகளை ஓசை அடைத்துக்கொண்டுவிட்டது.  விற்பனையும் சரிந்தது. எங்கே கார்வை போனதோ அங்கே கேட்பவர்களும் கொஞ்சம் விலகினார்கள் என்று நான் கணக்குப் போட்டுக்கொள்கிறேன்.

'பேக் இன் பிளாக்' ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் அந்தக் கிட்டார்த் துணுக்கு, பிறந்த கதையை ஆங்கஸ் நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். 'ஹைவே டு ஹெல்' பயணத்தின்போது மால்கம் ஒரு கேசட்டைப் போட்டுக்காட்டி, இது தேறுமா என்று கேட்டாராம். தேறாவிட்டால் அழித்துவிட்டு அதே கேசட்டில் வேறு எதையாவது பதிவதாக இருந்தார். தம்பி அழிக்கவிடவில்லை. கோடிக்கணக்கானோர் கேட்கப்போகும் அந்த இ, டி, ஏ அன்றைக்கு ஒரு கேசட்டின் நாடாவில், அழியும் தறுவாயில் இருந்தது. புகழ் என்ற ஒன்று அதன் பக்கத்தில்கூட இல்லாத நேரம் அது. இரண்டு இடைவெளிகளும் அப்போதே அதற்குள் இருந்தன.

2008 முதல் 2010 வரை 'பிளாக் ஐஸ்' உலகப் பயணம். அப்போதே மால்கமின் நினைவு தளர ஆரம்பித்திருந்தது. தான் இயற்றி, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வாசித்துவந்த பாட்டுகளையே ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் திரும்பக் கற்றுக்கொண்டு மேடைக்குப் போனார். 2014-இல் அவருக்கு மறதி நோய் என்று அறிவித்தார்கள். அண்ணன் மகன் ஸ்டீவி அந்த இடத்தில் நின்றார். 2017 அக்டோபரில் அண்ணன் ஜார்ஜ் போனார், ஒரு மாதம் நிறையுமுன் நவம்பர் 18-ஆம் தேதி மால்கமும் போனார். 2020-இல் வந்த 'பவர் அப்' ஆல்பத்தில் எல்லாப் பாட்டுக்கும் ஆங்கஸ், மால்கம் என்ற இரு பெயர்களே ஆசிரியர்கள். சேர்த்துவைத்திருந்த ரிஃப்களிலிருந்து உருவானவை.

அந்த 'பிளாக் ஐஸ்' பயணத்தில், 2009 டிசம்பரில், புவெனஸ் அயர்ஸ் நகரின் ரிவர் பிளேட் கால்பந்து அரங்கில் மூன்று இரவுகள் வாசித்தார்கள். படமாகவும் வந்திருக்கிறது. அரங்கு முழுவதும் ஒரே உடம்பாகக் குதிக்கிறது. கேமரா ஆங்கஸை விட்டு நகர மனமில்லாமல் அவர் பின்னாலேயே ஓடுகிறது. நடுநடுவே ஓரிரு நொடி டிரம்ஸ் பக்கம் திரும்பும். நான் அந்த நொடிகளுக்காகவே காத்திருந்து பார்ப்பேன். நரைத்த நீள முடி, முகத்தில் சலனமில்லை, கால் தாளம் போடுகிறது. வலக்கை இறங்குகிறது, உடனே கம்பியின்மேல் அமர்ந்து ஓசையை நிறுத்துகிறது. அந்தக் கை அன்று மாலைதான் அந்தப் பாட்டை மறுபடி படித்து வந்திருக்கும். இடைவெளி, அதே அளவு.