மாற்றும் மாசும்: திருக்குறளில் பொன்னாய்வு உவமைகள்

ஆய்வுச்சுருக்கம்

பொன்னின் தரத்தை அறியத் தமிழர் கையாண்ட வழிகளுள் கல்லில் உரைத்தலும் தீயிற் சுடுதலும் திருக்குறளில் இடம்பெறுகின்றன (குறள் 505, 267). இவ்விரண்டும் 'சோதனையில் தரம் விளங்கும்' என்னும் ஒரே கருத்தைத் தரும் உவமைகளாகவே பெரிதும் எடுத்தாளப்படுகின்றன. தொழில்முறையில் இவை வேறானவை. கல், கலப்பின் அளவை அறிவிக்கும். தீ, கலப்பை நீக்கும். இவ்வேறுபாட்டைக் கருத்திற்கொண்டு தெரிந்துதெளிதல் அதிகாரத்தின் 503, 504, 505 ஆகிய குறள்களைத் தொடராகப் படிக்கும்போது, கட்டளைக்கல் உருவகம் மனிதரை நல்லார், தீயார் என இருகூறாக்குவதன்று, கலப்புடைய மனிதரின் தரத்தை மதிப்பிடுவது என்பது புலனாகிறது. இக்கட்டுரை அதனை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கட்டளைக்கல், உரைகல், மாற்று, ஆணி, தெரிந்துதெளிதல், தவம், ஏகதேச உருவகம்

முன்னுரை

'அவரவர் செயலே அவரவருக்கு உரைகல்' என்பது வகுப்பறையிலும் மேடையிலும் பலமுறை கேட்கப்படும் தொடர். அதன் மூலம் திருக்குறளின் 505ஆம் குறள். எடுத்துக்காட்டுவோர் பலரும் இரு பொருள்களுள் ஒன்றைக் கொள்கின்றனர். ஒன்று, செயல் ஒருவரை உயர்த்தும் என்பது. மற்றொன்று, செயல் ஒருவர் மெய்யானவரா போலியானவரா என்பதைக் காட்டிவிடும் என்பது. உரைகல் பொன்னை உயர்த்துவதில்லை. ஆதலின் முதற்பொருள் உருவகத்தோடு பொருந்தவில்லை. இரண்டாவது பொருள் பொருந்துவதுபோல் தோன்றினும், உரைகல்லின் தலைமையான பயனை அது விட்டுவிடுகிறது. பொன்னா, அன்றா என்பதைவிட, எத்தனை மாற்றுப் பொன் என்பதே உரைகல்லிடம் கேட்கப்படும் வினா. உவமைப் பொருளின் தொழிலறிவு உரைவிளக்கத்திற்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு இக்குறள் தக்க சான்று.

கல்லும் தீயும்: தொழில்முறை

கட்டளைக்கல் நுண்ணிய மணிகளாலான கடினமான கருங்கல். பொன் மென்மையான உலோகம்; மோவின் கடினத்தன்மை அளவையில் அதன் இடம் 2.5 அளவினது. கல் அதனினும் கடியதாதலால் பொன்னை உரைக்கும்போது அதன் மீச்சிறு பகுதி கல்லிற் கோடாகப் படிகிறது. வெள்ளி மிகுந்த பொன்னின் கோடு வெளிறித் தோன்றும். செம்பு மிகுந்தது சிவந்து தோன்றும். ஆனால் தனிக்கோடு ஒன்றைக் கொண்டு மாற்றைத் துணிய இயலாது. தரம் முன்னரே அறியப்பட்ட பொன்னை அருகில் உரைத்து இரு கோடுகளையும் ஒப்பிடவேண்டும். அவ்வாறு ஒப்பிடப் பயன்படுவது ஆணி. ஆணிப்பொன் என்னும் வழக்கு இதனடியாகத் தோன்றியது. பத்தரை மாற்றுத் தங்கம் என இன்றும் வழங்கும் தொடர், மாற்று என்பது படிநிலை அளவு என்பதை நினைவூட்டுகிறது.

தீயின் இயல்பு வேறு. பொன் காற்றில் எவ்வளவு சுடப்பட்டாலும் துருவேறுவதில்லை; 1064 பாகை செல்சியசில் உருகினும் பொன்னாகவே இருக்கும். செம்பு கலந்த பொன் சுடும்போது கறுக்கும். எனவே தீயும் ஒரு சோதனையே. ஆயின் தீயின் பணி சோதனையோடு நிற்பதில்லை. ஈயத்தோடு உருக்கும்போது செம்பு முதலிய கலப்புகள் பிரிகின்றன. வெள்ளி அவ்வழியிற் பிரியாது. உப்பும் செங்கற்பொடியும் சேர்த்து மீண்டும் மீண்டும் புடமிட்டே அதனை நீக்கவேண்டும். இம்முறைகளில் பொன்னின் எடை குறையும், மாற்று உயரும். கல்லில் உரைத்த பொன் உரைத்தவாறே திரும்பும். தீயிலிட்ட பொன் வேறு பொன்னாகத் திரும்பும்.

இவ்விரு முறைகளும் காலத்தாற் பிற்பட்ட கல்வெட்டு வழக்கிலும் தனித்தனிச் சொற்களைப் பெற்றுள்ளன. சோழர் காலக் கல்வெட்டுகளில் பொன்னின் தரம் தண்டவாணி என்னும் தர அளவோடு ஒப்பிட்டுக் குறிக்கப்படுகிறது. தீப்போக்குச் செம்பொன் என்னும் வழக்கோ தீயில் தேறிய பொன்னைச் சுட்டுகிறது. முன்னது ஒப்பீட்டால் வந்த பெயர். பின்னது தூய்மையாக்கத்தால் வந்த பெயர்.

சங்கப் பாடல்களில் கட்டளைக்கல்

சங்க இலக்கியத்தில் கட்டளைக்கல் காட்சியுவமையாகவே வருகிறது. கச்சிப்பேட்டு நன்னாகையாரின் பாடலில், மாம்பூந்தாதைக் கோதும் கருங்குயில் பொன்னுரைத்த கட்டளைக்கல்லை ஒத்திருக்கிறது (குறுந். 192). பேரி சாத்தனாரின் பாடலில், பிடவின் தாதில் ஆடிய தும்பி அவ்வாறே தோன்றுகிறது (நற். 25). பெரும்பாணாற்றுப்படையில், கண்பின் காயிலுள்ள பொடியை அடித்துக்கொண்ட சிறுவரின் மார்புக்கு அதே உவமை வருகிறது. மூன்றிலும் உவமையின் அடிப்படை கருமைமேற் படிந்த பொன்னிறமே. கல் தீர்ப்பு எதனையும் வழங்கவில்லை.

ஆயினும் குறுந்தொகைப் பாடலில் ஒரு நுட்பம் உண்டு. தலைவர் வருவார், வருந்தாதே என்று தோழி தேற்றுகிறாள். இளவேனில் வந்ததற்குச் சான்றாகக் குயிலின் கருஞ்சிறகில் பொற்றாது படிந்துவிட்டது. தலைவியின் கருங்கூந்தலோ பூவின்றி வெறுமையாய் இருக்கிறது. அதனையே அவள் தடவுகிறாள். ஒரு கருமையில் பொற்கோடு உண்டு, மற்றொன்றில் இல்லை. தலைவன் சொல்லின் தரத்தை அக்கூந்தல் உரைகல்லாக நின்று காட்டுகிறது என்று படிக்க இடமிருக்கிறது. பாடல் இதனை வெளிப்படையாகக் கூறவில்லை. உவமையும் கூந்தலும் அடுத்தடுத்து வருவதால் எழும் குறிப்புப் பொருள் இது. வள்ளுவர் இவ்வுவமையின் நிறக்காட்சியை முற்றிலும் விட்டுவிட்டு, மதிப்பீட்டுத் தொழிலை மட்டும் எடுத்துக்கொள்கிறார்.

503, 504, 505: ஒரு தொடர்

தெரிந்துதெளிதல், அரசன் தன் வினைக்குரியவரை ஆராய்ந்து நம்புதலைப் பற்றிய அதிகாரம். அரிய நூல்களைக் கற்றுக் குற்றமற்றவரிடத்தும் ஆராய்ந்தால் வெளிறு இல்லாமை அரிது என்கிறது 503. வெளிறு மரத்தின் வைரமற்ற மென்பகுதியைக் குறிக்கும் சொல். இங்கே அறியாமை என்பது உரை. குணத்தையும் குற்றத்தையும் நாடி, மிகுந்ததைக் கொண்டு மதிப்பிடுக என்கிறது 504. இதனையடுத்தே கட்டளைக்கல் வருகிறது.

இவ்வரிசையை ஒரு பொன்வணிகரின் நோக்கிற் காண்போம். கலப்பற்றது கிடைத்தல் அரிது. கலப்பின் இருபகுதிகளையும் கண்டு மிகுதியைத் துணிக. துணிதற்குரிய கருவி இது. மூன்று குறள்களும் சேர்ந்து மாற்றறியும் முறையை ஒத்திருக்கின்றன. 503இன் உவமை மரத்தினின்று வந்ததே, உலோகத்தினின்று வந்ததன்று. ஆதலால் மூன்றையும் ஒரே உவமையின் விரிவு என்று கூறுதல் பொருந்தாது. ஒப்புமை கருத்தின் ஒழுங்கில் உள்ளது.

பெருமை, சிறுமை என இரண்டையே குறள் கூறுவதால் இது இருகூறான பகுப்பே என ஒருவர் மறுக்கலாம். எனினும் இரண்டும் ஒரே கல்லிற்கு உரியனவாகக் கூறப்பட்டிருப்பது நோக்கத்தக்கது. மு. வரதராசனார் தம் உரையில் பெருமையைக் குணங்களால் ஆவதாகவும் சிறுமையைக் குற்றங்களால் ஆவதாகவும் விளக்குகிறார். இவ்விளக்கம் 505ஐ 504உடன் இணைக்கிறது. குணமும் குற்றமும் ஒருவரிடத்தே கலந்திருப்பன என்றால், பெருமையும் சிறுமையும் ஒரே கோட்டின் இரு திசைகள் ஆகின்றன.

பரிமேலழகர் இதனை ஏகதேச உருவகம் என்கிறார். கருமம் கல்லாக உருவகிக்கப்பட்டது. பொன்னும் கோடும் ஆணியும் கூறப்படவில்லை. கூறப்படாதவற்றைத் தொழில்முறையைக் கொண்டு நிரப்பினால் இரு செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, கல் பொன்னினும் கடியதாக இருத்தல் வேண்டும். எளிய கருமம் எவரையும் உரைத்துக் காட்டாது. அடுத்த அதிகாரமாகிய தெரிந்துவினையாடல் வினையின் தன்மையையும் செய்வானின் தகுதியையும் பொருத்திப் பார்ப்பது இதனோடு இயைகிறது. இரண்டாவது, ஒப்பிடுதற்குரிய ஆணி குறளில் இல்லை. அந்த இடத்தை நிரப்பவேண்டியவர் ஆராயும் அரசர். ஆணி தரங்குறைந்ததாயின் மதிப்பீடும் பிழைபடும். தேறுவோரின் பொறுப்பு இவ்வதிகாரத்தில் வலியுறுத்தப்படுவதற்கு இதுவும் ஒரு விளக்கமாகலாம்.

உருவகத்திற்கு ஓர் எல்லையும் உண்டு. பொன்வணிகரிடம் ஒரே கல் எல்லாப் பொன்னுக்கும் பொது. குறளோ அவரவர் கருமம் அவரவர்க்குக் கல் என்கிறது. கல்லும் பொன்னும் ஒருவரிடத்தே அமைவது கடை வழக்கில் இல்லாதது. இது வள்ளுவர் செய்த மாற்றம்.

பிறப்பும் கட்டளைக்கல்லும்

பரிமேலழகர் பிறப்பு, குணம், அறிவு ஆகியவற்றால் மக்கள் எய்தும் பெருமையை இக்குறளிற் கொள்கிறார். கருமமே முடிந்த கருவி என்று அவர் துணிவதால், பிறப்புக்கு அவர் தரும் இடம் இறுதியானதன்று. ஆயினும் பெருமைக்குரிய காரணங்களின் வரிசையில் பிறப்பை முதலில் வைப்பதற்குக் குறளிற் சொற்சான்று இல்லை. உருவகமும் அதற்குத் துணைசெய்யவில்லை. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரைப் பொற்கடை வீதியில் சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என நால்வகைப் பொன்னைக் கூறுகிறது. இவற்றுள் கிளிச்சிறை ஒழிந்த மூன்றும் வடமொழிப் பொருள்நூல் கூறும் பொன்வகைகளோடு ஒத்த பெயர்கள். பொன்னுக்கு வகையும் தோற்றமும் உண்டு என்பது இதனாற் பெறப்படும். ஆனால் உரைகல் தோற்றத்தை வினவுவதில்லை. சுரங்கப் பொன்னும் ஆற்றுப் பொன்னும் பழைய நகையை உருக்கிய பொன்னும் ஒரே கலப்புடையனவாயின் ஒரே கோட்டையே இடும். பெருமை என்னும் அதிகாரத்தில் பிறப்பால் எல்லா உயிரும் ஒக்கும், சிறப்பு செய்தொழிலால் வேறுபடும் என வரும் கருத்தும் (972) இதற்கு அரணாகிறது.

தவத்தின் தீ

267ஆம் குறள் துறவறவியலைச் சார்ந்தது. சுடச்சுட ஒளிரும் பொன்போலத் துன்பம் வருத்த வருத்தத் தவத்தோர் ஒளிபெறுவர். தீயாற் பொன்னின் குற்றம் நீங்குதல்போலத் துன்பத்தால் பாவம் நீங்கும் என்பது பரிமேலழகர் உரையின் கருத்து. அடுக்குத்தொடராக வரும் வினை, ஒருமுறைச் சோதனையை அன்றி மீண்டும் மீண்டும் நிகழும் புடத்தையே உணர்த்துகிறது. இங்கே ஆராய்வார் எவரும் இல்லை. தவம் செய்வார் தம்மையே தீயில் இடுகிறார்.

தெரிந்துதெளிதலின் முதற்குறள் கூறும் நால்வகை ஆராய்ச்சியைப் பரிமேலழகர் வடநூலாரின் உபதையோடு இயைக்கிறார். அறம், பொருள், இன்பம், உயிரச்சம் ஆகியவற்றைக் கருவியாக்கி ஒருவரை ஆராய்வது அது. அத்தகைய கடுஞ்சோதனையும் தன்மையை அறிதற்கே உரியது. தூய்மையாக்குதல் அதன் நோக்கமன்று. அரசர் தம் வினையாளரைப் புடமிட வேண்டும் என்று வள்ளுவர் யாண்டும் கூறவில்லை. மாசு நீக்கம் அறத்துப்பாலில் தன் முயற்சியாகவும், மாற்றறிதல் பொருட்பாலில் பிறரை மதிப்பிடும் கடமையாகவும் அமைகின்றன.

கல் தீர்க்க இயலாத வழக்கு

உரைகல்லின் எல்லையைச் சிலப்பதிகாரம் நன்கு காட்டுகிறது. பொன்னறிவார் நிறைந்த மதுரையில் ஒரு பொற்சிலம்பு ஆராயப்படாமல் கோவலன் கொல்லப்படுகிறான். ஆனால் அச்சிலம்பைக் கட்டளைக்கல்லில் உரைத்திருந்தாலும் வழக்கு முடிந்திராது. அங்கு எழுந்த வினா மாற்றைப் பற்றியதன்று, உடைமையைப் பற்றியது. அதனைத் தீர்த்தது சிலம்பின் உள்ளிருந்த பரல். ஆம், அன்று என இரண்டில் ஒன்றை வேண்டும் இடத்தில் சிலம்பு உடைக்கப்படுகிறது. கட்டளைக்கல் அத்தகைய வினாவுக்குரிய கருவியன்று என்பதற்கு இது எதிர்நிலைச் சான்று.

முடிவுரை

கட்டளைக்கல்லைப் பொதுவாக 'அளவுகோல்' என்றோ 'சோதனை' என்றோ பொருள்படுத்தும்போது 505ஆம் குறள் தன் முன்னுள்ள இரு குறள்களினின்று பிரிந்து தனிப் பொன்மொழியாகிறது. தொழில்முறையோடு படிக்கும்போது, குற்றமற்றவர் அரியர் என்று ஏற்றுக்கொண்டு, இருப்பவரின் தரத்தை அவர்தம் அரிய செயலில் கண்டு தேறுக என்னும் நடைமுறை அறிவுரையாகிறது. மனிதரை முற்றும் நல்லார், முற்றும் தீயார் எனப் பிரிக்கும் ஆட்சியாளருக்கு இக்குறள் துணைநில்லாது. தூயவரை மட்டுமே தேடுவோர் தீயின் தொழிலைக் கல்லிடம் எதிர்பார்க்கின்றனர். பெருமைக்கு முதற்காரணமாகப் பிறப்பைக் கொள்வோரோ கல் வினவாத வினாவை அதன்மேல் ஏற்றுகின்றனர். நீதி நூல்களிலும் பக்தி இலக்கியங்களிலும் வரும் பொன்னுவமைகளையும் கல், தீ என்னும் இவ்விரு நிலைகளில் வகைப்படுத்தி ஆராய்வது, தமிழிலக்கியத்தில் மனிதரை மதிப்பிடுதல், மனிதரை மாற்றுதல் என்னும் இருவேறு கருத்துகளின் வரலாற்றை விளக்க உதவும்.